கொடுத்த வீட்டுக் குழாய்

என் வீட்டுக்காரர் வட்டை விதானையாக இருந்தவர். வயல் வட்டைக்கு வருகிற வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. இந்த வரவை வயலுக்கு இன்றைக்கு, அந்த வரவைக்கு நாளைக்கு என்று வரம்பில் நின்று அவர் சத்தம் போட்டால் சம்மாந்துறைக்குக் கேட்கும் என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். அந்த வாய்க்குள் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். நான் சொல்லாத நாளில்லை. "துப்பிட்டு வந்து மனுசரோட கதைங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வாய்க்குப் பாக்கு வெட்டுவார். கெடுகுடி சொற்கேளாது. கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது, ஆறவில்லை, காட்டினோம், புற்றுநோய் என்றார்கள்.

கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சுப் பிடித்தார்கள். ஊரில் அதைக் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். அது முடிந்தபோது அவருடைய வாயில் எச்சில் இல்லை, ருசி இல்லை. சோறு மண் மாதிரி இருக்கிறது என்றார். சோற்றுக்கு ஊற்றுகிற மீன் ஆணத்தை நாக்கில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் எதையோ போட மறந்துவிட்டேன் என்பது போல. ருசி சில பேருக்குத் திரும்பி வரும், சில மாதம் எடுக்கும், சில பேருக்கு வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடைக்கிடை கிளினிக்குக்கு வந்து காட்ட வேண்டும், திரும்ப எங்காவது கட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார். அவர் இரண்டையும் ஒன்றாக்கிப் போட்டுக்கொண்டார். ருசி வந்தால் நோய் போய்விட்டது, ருசி வராவிட்டால் நோய் உள்ளே இருக்கிறது. அப்படி யாரும் சொல்லவில்லை. அவராகவே முடிவு கட்டினார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

கொழும்பிலிருந்து திரும்பி வருகிற வழியில் பஸ்ஸைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அவருக்குச் சாப்பாடு ஏது. நான் ஒரு போத்தல் வெறும் சோடா வாங்கினேன். ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது, போத்தலைப் பிடித்த கை விறைத்தது. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது, புண்ணில் எரிகிறதோ என்று.

"குத்துது புள்ள" என்றார். "நாக்குல குத்துது."

கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அந்த மனுசன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு ஹோர்ன் அடிக்கிறார்கள், இவர் போத்தலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாகக் குடிக்கிறார். நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே அவரை ஏற்றினேன். நாக்கு சாகவில்லை. ஆள் பிழைத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு வேறு வீடு கட்ட முடியவில்லை, ஆகவே நாங்கள் இருந்த கல்வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவுக்குப் பின்னால் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் தகரம் போட்டுக் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய்விட்டோம். இதில் துக்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான். என் உம்மாவும் வாப்பாவும் எனக்கு இதைத்தான் செய்தார்கள். ஆனால் கொடுத்த வீட்டுக்குள் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. கூப்பிட்டால் போகலாம், பெருநாளைக்குப் போகலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போகலாம். நினைத்த நேரத்துக்குப் போய் பிரிஜ்ஜைத் திறக்கக் கூடாது. யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் போகக் கூடாது. என் வீட்டுக்காரர் இந்த விசயத்தில் என்னைவிட மோசம். தான் கட்டிய வீட்டின் முன்கதவில் நின்று ஸலாம் சொல்லி, பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

மருமகன் நல்ல பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் யாரையாவது திட்ட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் அவரைத் திட்ட முடியாது. கட்டாரில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் குளிர்பான மிசின்களைப் பார்க்கிற வேலை செய்துவிட்டு வந்தவர். இங்கே பிரிஜ், ஏசி திருத்துகிறார். எனக்கும் அவருக்கும் நேரே நின்று கதைக்கிற பழக்கம் இல்லை. மாமியும் மருமகனும் அப்படித்தான், மரியாதை. நான் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவர் சொல்ல வேண்டியது மகள் வாயால் வரும்.

சோடா குத்தியதை நான் மகளிடம் சொன்னேன். அவள் அவரிடம் சொன்னாள். நான் கடையில் தினமும் ஒரு போத்தல் வாங்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மருமகன், "போத்தல உடைச்சா ரெண்டாம் தரம் குடிக்கக்குள்ள காஸ் போயிரும், மாமா ஒரு மிடறு ஒரு மிடறாத்தானே குடிக்கிற, நான் வீட்டுலயே மிசின் ஒண்டு செஞ்சி தாறன்" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் காஸ் சிலிண்டர் வந்தது. தண்ணீர் நிரப்பி வைக்கிற ஸ்டீல் தாங்கி வந்தது. யாரோ கடையை மூடியவர் விற்ற மிசினின் உள்சாமான்கள் வந்தன. திருத்த வந்து யாரும் திரும்ப எடுக்காமல் கிடந்த ஒரு பிரிஜ்ஜைச் சரிசெய்து அவர்களுடைய குசினிக்குள் தாங்கிக்கென்றே தனியாக வைத்தார்.

என் வீட்டுக்காரர் அங்கே போய்க் குடிக்கமாட்டார் என்பது மருமகனுக்குத் தெரியும். சொல்லாமலே தெரிந்துகொண்டார். அதனால்தான் குழாய். அந்தப் பிரிஜ்ஜின் பக்கத்தைத் துளைத்து, குசினிச் சுவரைத் துளைத்து, வளவு மதில் வழியாக ஒரு மெல்லிய குழாயை இழுத்து, எங்கள் தகரக் கூரையின் ஓரமாகக் கொண்டுவந்து, எங்கள் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டெப் பூட்டிக் கொடுத்தார். கட்டிலில் இருந்து எழும்பி நாலு எட்டு வைத்தால் சோடா. ஊரில் எந்த மாமாவுக்கு எந்த மருமகன் இப்படிச் செய்தான்?

பூட்டிய அன்றைக்குப் பின்னேரம் அசர் தொழுத பிறகு எல்லாரும் கூடினோம். மருமகன் டெப்பைத் திறந்து ஒரு வாளிக்குள் கொஞ்சம் ஓட விட்டார், ஒழுகுகிறதா என்று மூட்டுகளைத் தடவிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஓட விட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். அவரிடம் மருமகன் நேரே கதைப்பார், அதில் தடையில்லை.

"தண்ணிய முதல்ல நல்லாக் குளிர வெச்சித்தான் மாமா காஸ் ஏத்தின நான். சூட்டுத் தண்ணில காஸ் நிக்கா. கரண்ட் போனா மீன் வாடில இரிந்து ஐஸ் கொண்டு வந்து தாங்கியச் சுத்திப் போடுவன், நீங்க யோசிக்க வேணாம்."

பிறகு கட்டாரிலிருந்து கொண்டுவந்த இரட்டைச் சுவர் ஸ்டீல் கிளாஸ் ஒன்றில் பிடித்துக் கொடுத்தார். பிடித்தால் கைக்குக் குளிராது, உள்ளே குளிர் நிற்கும், அப்படியான கிளாஸ். என் வீட்டுக்காரர் பிஸ்மி சொல்லிக் குடித்தார். கண் கலங்கியது. தலையை ஆட்டினார். "குத்துது மகன், நல்லாக் குத்துது." மகள் அழுதாள். நானும் முந்தானையைக் கண்ணில் வைத்தேன்.

அதற்குப் பிறகு கன நாளைக்கு அந்தச் சோடா அவரைச் சரியாகக் குத்தவேயில்லை.

வழக்கம் எப்படி வந்ததென்றால், பகல் லுகர் தொழுதுவிட்டு அவர் கட்டிலில் வந்து இருப்பார், நான் டெப்பைத் திறந்து அரைக் கிளாஸ் பிடிப்பேன். அவருக்கு அதற்கு மேல் விழுங்க ஏலாது. நுரை நுரையாகக் கொட்டும். அவ்வளவு நுரையைப் பார்த்து, சுப்ஹானல்லாஹ், என்ன காஸ் என்று நினைப்பேன். நுரையோடு கொடுத்தால் மூச்சுக்குள் ஏறும் என்று, அடங்கும் வரை வைத்திருந்து கொடுப்பேன். முதல் நாள் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் "கொஞ்சம் தெரியுது" என்றார். அது பொய் என்று இப்போது எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள், "குளிர் கூடத் தெரியல்ல" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கிளாஸைப் பார்த்தார்.

அவர் மிச்சம் வைத்ததை நான்தான் குடிப்பேன். கொட்டினால் வீண்விரயம். வெதுவெதுவென்று வாளித் தண்ணீர் மாதிரி இருக்கும். இவ்வளவு நேரம் கிடந்தால் அப்படித்தானே இருக்கும் என்று குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி வைப்பேன். புதிதாக ஒரு மிடறு பிடித்துக் குடித்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். நோயாளியின் பங்கு அது. மருமகன் வீட்டுக் கரண்டில், மருமகன் வாங்கிய காஸில் வருகிற தண்ணீரை மாமிக்காரி ஆசைக்குப் பிடித்துக் குடிக்கலாமா? நாக்கை வளர்க்கிறாள் என்பார்கள். யாரும் பார்க்காவிட்டாலும் என்பார்கள் என்றுதான் தோன்றும்.

நோயாளியைப் பார்க்க ஆட்கள் வருவது எங்கள் ஊரில் கடமை. அவரிடம் தண்ணீர் வாங்கிப் பழகிய வட்டைக்காரர்கள் அட்டாளைச்சேனையிலிருந்தும் வந்தார்கள், வீரமுனையிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சோடாதான். இதிலும் முறை இருக்கிறது: நோயாளிக்கு முதல், வந்தவர்களுக்குப் பிறகு. வந்தவர்களே விடமாட்டார்கள். "விதானையாருக்கு முதல்ல குடுங்க" என்பார்கள். முதல் கிளாஸ் அவருக்கு. அடுத்தது, அதற்கடுத்தது அவர்களுக்கு, கண்ணாடிக் கிளாஸில். அவர்களுடைய கிளாஸ் வெளியே வேர்த்து ஒழுகும். குடித்துவிட்டு மூக்கைப் பிடிப்பார்கள், காஸ் மேலே வந்து ஏவறை விடுவார்கள். "என்ன ஒரு காரம் விதானையார், மூக்குல ஏறுதே. கடைச் சோடா தோத்துப்போம்." இவர் அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தன்னுடைய கிளாஸிலிருந்து ஒரு மிடறு குடிப்பார். "ஓம், நல்ல சோடா" என்பார்.

ஒரே டெப், ஒரே தண்ணீர். எல்லாருக்கும் குத்துகிறது, அவருக்கு மட்டும் குத்தவில்லை. அவர் வேறு என்ன நினைப்பார்?

என்னிடம் கூட மெதுவாகத்தான் வெளியே வந்தது. "நாக்கு மவுத்தாப் போய்ட்டு புள்ள. கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. பஸ்ஸுல வரக்குள்ள இரிந்தது, இப்ப இல்ல." நான் சத்தம் போட்டேன். "விசர்க் கதை கதைக்காதங்க. டாக்டர் சொன்ன தானே மாசக்கணக்கு எடுக்கும் எண்டு." அவர் திருப்பிச் சத்தம் போடவில்லை. வரம்பில் நின்று ஊரைக் கூப்பிட்ட மனுசன், கையை மட்டும் அசைத்துவிட்டுப் படுத்தார். கடையில் ஒரு போத்தல் வாங்கிப் பார்க்கலாமா என்று ஒரு தரம் மெல்லக் கேட்டேன். அதற்கு மட்டும் கோபம் வந்தது.

"மருமகன் சுவரத் துளைச்சிக் குழாய் இழுத்துத் தந்திரிக்கார். நாங்க கடைல சோடா வாங்கினா அவர்ர முகம் எங்க போகும்? மகள் அங்க வாழணுமா இல்லையா?"

அந்தப் போத்தல் ஒன்றை வாங்கியிருந்தால். வாங்கவில்லை. நானும் அவர் சொன்னது சரி என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

கிளினிக் நாள் வந்தது. அவர் போகமாட்டேன் என்றார். "செத்த நாக்கக் காட்டவா கொழும்புக்குப் போற? நிம்மதியா வீட்டுல கிடக்க விடு." அழுது பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். மகள் வந்து காலடியில் இருந்து கெஞ்சினாள். மருமகன் வேன் பிடிக்கிறேன் என்றார். ஒன்றுக்கும் மசியவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. கஞ்சியைக் குறைத்தார். வாயைத் திறந்து பழக வேண்டும் என்று கொடுத்த பயிற்சியை விட்டார். ஆனால் லுகருக்குப் பிறகு அந்த அரைக் கிளாஸை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் குடித்து, ஒவ்வொரு நாளும் தன் மரணத்தைச் சோதித்துப் பார்த்தார். நான் என் கையாலேயே அந்தச் சோதனையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

அது கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கே இருந்து நெருப்பு மாதிரி வரும், தகரம் கிடந்து கொதிக்கும். ஒரு பகல் நான் வழக்கம் போல் பிடித்துக் கொண்டுபோனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "வேணாம். இனிப் பிடிக்காத" என்றார். நான் கிளாஸோடு திரும்பி டெப்படிக்கு வந்தேன். எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். கொட்டவும் மனமில்லை. நின்ற நிலையிலேயே மடமடவென்று குடித்தேன். இன்னும் நுரை அடங்கவில்லை, அவ்வளவு புதியது. சூடு. வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீருக்காவது ஒரு ருசி இருக்கும், இதற்கு அதுவும் இல்லை.

மிசின் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். எப்படி மகளிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்ப டெப்பைத் திறந்தேன். இரண்டாவது கிளாஸ் நுரை இல்லாமல் அமைதியாக நிறைந்தது. குடித்தேன். நாக்கு, தொண்டை, மூக்கு எல்லாம் ஊசி குத்தியது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

நான் படித்தவள் இல்லை, ஆனால் குசினிக்காரிக்கு அது விளங்க எவ்வளவு நேரம்? கையை நீட்டிக் குழாயைத் தொட்டேன். தகரத்தோடு ஒட்டி வந்த இடத்தில் கை வைக்க முடியவில்லை. குழாய்க்குள் நேற்றுப் பகல் முதல் நிற்கிற தண்ணீர், அதுதான் முதல் அரைக் கிளாஸ். பிரிஜ்ஜுக்குள் இருந்து வருகிற குளிர்த் தண்ணீர் அதற்குப் பின்னால்தான் வருகிறது. கட்டாரில் கடையில் ஓயாமல் ஆட்கள் வந்து குடிப்பார்கள், குழாயில் தண்ணீர் நிற்க நேரமில்லை. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒருவர் குடிக்கிறார், அவருக்கும் முதல் கிளாஸ். மரியாதையாக, பிஸ்மி சொல்லி, ஒவ்வொரு நாளும் முதல் கிளாஸ். வந்தவன் போனவனெல்லாம் நல்லதைக் குடித்துவிட்டு ஏவறை விட்டுப் போனான். அட அல்லாவே, வாய்க்காலில் நின்ற தண்ணீர் வேறு, வருகிற தண்ணீர் வேறு என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த விதானைக்கு இது பிடிபடாமல் போனதே.

மூன்றாவது கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "எழும்புங்க" என்றேன். "எழும்பி இதக் குடிங்க. கேள்வி கேக்காதங்க." என் குரலைக் கேட்டு எழும்பினார். ஒரு மிடறு எடுத்தார். வாயில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பஸ் நின்ற இடத்தில் நான் பார்த்த அதே முகம். விழுங்கினார். இன்னொரு மிடறு குடித்தார்.

"குத்துது" என்றார்.

நான் சொன்னேன். குழாய், தகரம், முதல் கிளாஸ், எல்லாம் சொன்னேன். சந்தோசத்தில் சொன்னேன், அதுதான் என் மடத்தனம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் நாக்கு உயிரோடதான் இரிந்திரிக்கி?"

அவர் கழுத்தைத் தடவினார். தாடைக்குக் கீழே ஒரு இடத்தைத் தடவிவிட்டு, என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். புளியங்கொட்டை அளவில் ஒன்று இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். கிளினிக்குக்குப் போகாமல் விட்ட இரண்டாம் தரத்துக்கு முதலே இருந்தது என்றார். சாகத்தானே போகிறேன், எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாராம்.

அந்தக் கிழமையே கொழும்புக்குப் போனோம். இளவயது டாக்டர் பெண், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் கதைக்கும். கழுத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு நாள் வரல்ல? அப்பவே வந்தா வெட்டி எடுக்கலாம் தானே, இப்ப ஏலாது" என்று கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். சோடா குத்தாததால் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? பஸ் வசதி இல்லை என்றேன். அந்தப் பிள்ளை என்னை வெறுப்பாகப் பார்த்தது. பார்க்கட்டும்.

திரும்பி வரும்போது அவர் ஒன்றுதான் கேட்டார். "மருமகனுக்குச் சொல்லாத. மகளுக்கும் வேணாம். அவர் அறிஞ்சா அந்த வீட்டுல இரிக்க மாட்டார். நல்லது செய்யப் போன புள்ள." சத்தியம் வாங்கவில்லை. "சொல்லாத என்ன" என்று மட்டும் திரும்பவும் சொன்னார். நான் ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் முதல் கிளாஸை வெளியே கொட்டிவிட்டு இரண்டாவதைக் கொடுத்தேன். வீண்விரயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. குத்துகிறது என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அதுவாவது கிடைத்ததே என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குப் பற்றி எரியும். என்ன கிடைத்தது? நாக்கில் உயிர் இருக்கிறது, கழுத்தில் சாவு வளர்கிறது. இரண்டும் அவருக்குத் தெரிகிறது. முன்பு பொய்யாக நம்பிக்கை இழந்தார், இப்போது உண்மையாக இழந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் சோடாவும் இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். பஞ்சில் காஸ் நிற்காது. மழை தொடங்கின காலத்தில், சுபஹுக்குப் பாங்கு சொல்லி முடிகிற நேரம், மவுத்தானார்.

வீட்டுக்காரரை இழந்தவள் இருக்கிற இத்தாவில் இருந்தேன், வெளியே போவதில்லை. ஒரு நாள் அசருக்குப் பிறகு மருமகன் எங்கள் அறை வாசலுக்கு வந்து, கதவுக்கு ஒருபக்கமாக நின்றார். மகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. முகத்தை நிலத்தில் போட்டுக்கொண்டு கதைத்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னோடு அவர் அவ்வளவு நேரம் நேரே கதைத்தது அதுதான் முதல்.

"மாமி, எனக்கு வாப்பா சின்ன வயசுலயே மவுத்து. மாமாக்கு வேற ஒண்டும் செய்யக் கிடைக்கல்ல. இந்தச் சோடாவயாவது கடைசி மட்டும் குடிச்சார் எண்டதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பின் தெருவுல ஒரு டீச்சர் இரிக்காங்க. அவங்களுக்கும் தொண்டைல இதே வருத்தம். கரண்ட் பிடிச்சிட்டு வந்திரிக்காங்க, ஒண்டும் ருசி இல்லையாம். மாமாட கதைய நான் சொன்ன. இந்த மிசினக் கழட்டி அங்க பூட்டிக் குடுக்கட்டா எண்டு கேக்கத்தான் வந்த நான். அவங்களும் மகளுக்கு வீட்டக் குடுத்துட்டுப் பின் அறையிலதான் இரிக்காங்க. இதே மாதிரிக் குழாய் இழுத்துக் குடுத்திரலாம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு பெண் ஒவ்வொரு பகலும் தன் நாக்குச் செத்துவிட்டதென்று நம்பிக்கொண்டு கிடப்பாள். வாயைத் திறந்தால் மவுத்தான மனுசன் கேட்ட ஒரே ஒரு சொல் போய்விடும். யா அல்லாஹ், என்னை ஏன் இந்த இடத்தில் நிறுத்தினாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை, மருமகன்தான் காத்துக்கொண்டு நின்றார்.

"கழட்டிக் குடுங்க மகன்" என்றேன். "ஒண்டு மட்டும் அவங்கட வீட்டாக்களுக்குச் சொல்லிக் குடுங்க. முதல் கிளாஸ வெளிய ஊத்திரணும். ரெண்டாவதத்தான் நோயாளிக்குக் குடுக்கணும். முதலாவது குழாய்க்குள்ள கிடந்து சூடாகின தண்ணி. அதுல ஒண்டும் இரிக்காது."

அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தார். மதிலில் இருந்து தகரம் வரை, தகரத்தில் இருந்து டெப் வரை, அந்த வழி முழுக்க அவருடைய கண் மெல்ல நடந்து வந்தது. பிரிஜ் திருத்துகிற பிள்ளை, நான் விளங்கப்படுத்த ஒன்றுமில்லை. முகம் வெளுத்துப்போனது.

"மாமாக்கும் ரெண்டாவதையா குடுத்த நீங்க?" என்று கேட்டார். "தொடக்கத்துல இரிந்தே?"

"ஓம் மகன்" என்றேன். "தொடக்கத்துல இரிந்தே."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் சொன்னேன்.